எண்களும் கூண்டில் ஏறின!

“எங்களுக்கு வேதம், உங்களுக்கு விஞ்ஞானம்! எங்களுக்கு மந்திரம், உங்களுக்கு மாறிலி! நாங்களும் நம்புகிறோம், நீங்களும் நம்புகிறீர்கள். இதிலே உங்களுக்கு மட்டும் என்ன தனிப் பெருமை?” — இப்படிக் கேட்போர் உலகெங்கும் உண்டு. கேட்பவர் முகத்திலே வெற்றிப் புன்னகை. கேட்கப்பட்ட இளைஞன் முகத்திலே சிறிது திகைப்பு.

திகைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவன் படித்த பாடநூலின் கடைசிப் பக்கங்களிலே ஓர் அட்டவணை இருந்தது. ஒளியின் வேகம் இவ்வளவு, எலெக்ட்ரானின் மின்னூட்டம் இவ்வளவு, ஈர்ப்பு மாறிலி இவ்வளவு. அளந்தவர் யார், எப்படி அளந்தார், அளந்ததை மறுத்தவர் உண்டா, மறுபடியும் அளந்தார்களா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனப்பாடம் செய், தேர்விலே எழுது, மறந்துவிடு! பள்ளியிலே பாடம் சொல்பவன் என்ற முறையிலே கூறுகிறேன்: இப்படிக் கற்பித்தால் மாறிலிக்கும் மந்திரத்துக்கும் வேறுபாடு தெரியாமற்போவது மாணவன் குற்றமன்று.

எதிராளியின் கேள்விக்குக் கூச்சலால் விடை கூற முடியாது. “விஞ்ஞான உண்மை என்றும் மாறாதது” என்று நம் தோழர்களில் சிலர் மேடையிலே முழங்குகிறார்களே, அது விடையே அன்று. அது எதிராளி விரித்த வலையிலே தானாகப் போய் விழுவது. மாறிலிகள் மாறாதவை என்று எவரும் சத்தியம் செய்து தரவில்லை. மாறுகின்றனவா என்று, அவற்றை மிக அதிகமாகப் பயன்படுத்துகிறவர்களே 1937 முதல் இன்றுவரை குறுக்கு விசாரணை செய்து வருகின்றனர். அந்த விசாரணையின் கதை நம் இளைஞர்க்குத் தெரியவேண்டும்.

கேள்வியைப் படித்தவர் நடையிலே கேட்டவர் ஒருவர் உண்டு: இங்கிலாந்து நாட்டு ரூபர்ட் ஷெல்ட்ரேக். கேம்பிரிட்ஜிலே உயிர்வேதியியல் கற்றவர். 1970களில் ஐதராபாத்தை அடுத்த பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றியவர். பிறகு நம் காவிரிக் கரையிலே, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தில் தங்கித் தம் முதல் நூலை எழுதியவர். ஆசிரமத்திலே எழுதினார் என்பதற்காக அவரைத் தள்ளிவிட வேண்டாம். வாதத்தை வாதமாகவே எடை போடுவோம். 2012இல் வெளியிட்ட நூலிலே, விஞ்ஞானிகள் கேள்வியின்றி ஏற்கும் மூடக் கோட்பாடுகள் பத்து என்று பட்டியல் போட்டார். இயற்கையின் விதிகளும் மாறிலிகளும் நிலையானவை என்பது அவற்றுள் ஒன்று. 2013இல் இலண்டனில் நிகழ்த்திய உரையிலே அதற்குச் சான்றும் காட்டினார்: 1928க்கும் 1945க்கும் இடையே ஒளியின் வேகம் உலகெங்கும் நொடிக்கு 20 கிலோமீட்டர் குறைந்தது, பிறகு ஏறியது, அளவியலாரோ அதை மூடி மறைத்து, வேகத்தைச் சட்டம்போல் வரையறுத்துக் கதவைச் சாத்திவிட்டனர் என்பது அவர் குற்றச்சாட்டு.

சுவையான குற்றச்சாட்டு! அதிலே பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிடத் தொல்லை தருவது. ஆகவே பாதியையும் பிரித்துப் பார்ப்போம்.

1926இல் மைக்கெல்சன் கலிபோர்னியா மலைகளுக்கிடையே ஒளியை ஓடவிட்டு அளந்தார். நொடிக்கு 2,99,796 கிலோமீட்டர். 1928இல் ஜெர்மனியிலே கரோலுஸ், மிட்டல்ஷ்டெட் இருவரும் வேறொரு முறையில் அளந்தனர், 2,99,778. மைக்கெல்சன் மறைந்தபின் 1935இல் வெளிவந்த அவருடைய கடைசிச் சோதனையின் முடிவு 2,99,774. 1941இல் பிர்ஜ் என்பார் எல்லாவற்றையும் சீர்தூக்கி, 2,99,776 என்றும், பிழை 4க்கு மேல் இராது என்றும் எழுதினார். எண்கள் இறங்கியது உண்மை. ஒளி இறங்கியதா?

இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலே, டெடிங்டனில், லூயி எசன் என்பவர் இருந்தார். போர்க்காலத்து ராடார் வேலையிலே பழகிய கருவியை, உள்ளீடற்ற உலோக உருளையில் மின்காந்த அலையை ஒத்ததிரச் செய்யும் கருவியை, எடுத்துக்கொண்டு புதிய வழியிலே அளந்தார். 1950இல் அவர் கூறிய விடை 2,99,792.5. ஏற்கப்பட்ட எண்ணைவிட 16 கிலோமீட்டர் கூடுதல்! உடனே மாலை விழவில்லை, ஐயந்தான் கிளம்பிற்று. ஆனால் அவரவர் தனித்தனிக் கருவியோடு வந்து அளந்தபோது, எசன் கூறிய எண்ணே நின்றது. இன்றைய எண் 2,99,792.458.

அப்படியானால் 1930களில் நடந்தது என்ன? மனிதர் செய்த பிழை. முந்தியவர் சொன்ன எண்ணுக்கு அருகே விடை வந்துவிட்டால் பிழையைத் தேடுவதை நிறுத்திவிடும் பழக்கம், ஆய்வுக்கூடத்திலும் உண்டு. விஞ்ஞானியும் கூட்டத்தோடு போகக் கூடியவனே. இதை ஒப்புக்கொள்வதிலே நமக்கு வெட்கம் இல்லை. ஷெல்ட்ரேக் சுட்டிய பள்ளம் ஒளியிலே விழுந்த பள்ளமன்று, அளந்தவர் மனத்திலே விழுந்த பள்ளம். அதைத் தூர்த்தது எது? உபதேசமா? இல்லை, வேறொரு கருவி! அந்த எசனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அவரை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

இதே எண்களைக் கொண்டு இன்னும் துணிச்சலான வணிகம் நடத்தியவர் ஆஸ்திரேலியாவின் பாரி செட்டர்ஃபீல்டு. விவிலியத்தின் படைப்புக் கதையை எழுத்துக்கு எழுத்து மெய்யென்று கொள்ளும் முகாமைச் சேர்ந்தவர். 1981இல் தொடங்கி, 1987இல் டிரெவர் நார்மன் என்பாரோடு சேர்ந்து அறிக்கை வெளியிட்டு, ஒளி ஆதியிலே பன்மடங்கு வேகமாக ஓடி, 300 ஆண்டுகளாக அளந்து பார்க்கும்படியாகத் தளர்ந்து வந்தது என்றார். எதற்கு இந்தப் பாடு? கோடிக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவிலே உள்ள விண்மீன் கூட்டத்தின் ஒளி, சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள உலகுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற இக்கட்டுக்கு விடை வேண்டுமல்லவா!

பழைய அளவுகளைத்தான் பார்ப்போமே. 17ஆம் நூற்றாண்டிலே ரோமரின் வியாழன் நிலவுக் கணக்கிலிருந்து ஹைகன்ஸ் பெற்றது சுமார் 2,20,000 கிலோமீட்டர். 1849இல் ஃபீசோ பெற்றது 3,13,000க்கும் மேல். 1862இல் ஃபூக்கோ பெற்றது 2,98,000. எண்ணுக்கு எண் நம்புவதானால், ஒளி முதலில் நொண்டியது, பிறகு பாய்ந்தது, பிறகு மறுபடி நொண்டியது, பிறகு எழுந்து நடந்தது என்றல்லவா சொல்லவேண்டும்! கருவி கரடுமுரடாக இருந்த காலத்திலே எண்கள் சிதறின. கருவி கூர்மையடையக் கூர்மையடையச் சிதறல் அடங்கிற்று. தளர்ச்சி 1960 வாக்கிலே நின்றுவிட்டதாம். துல்லியமான கருவி வந்து சேர்ந்த அதே வேளையில் அற்புதமும் ஓய்ந்துவிட்டது! அற்புதங்களுக்கு இந்த வழக்கம் எப்போதும் உண்டு. அதே படைப்புவாத முகாமைச் சேர்ந்த அார்ட்ஸ்மா என்பாரே 1988இல் இந்தக் கணக்கு நிற்காது என்று எழுதினார்.

சரி, “வரையறுத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்” என்ற புகார்? 1983இல் பாரிசிலே கூடிய அளவைகள் மாநாடு, ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிலைநிறுத்தி, அதிலிருந்து மீட்டரைப் பெறலாம் என்று முடிவு செய்தது. இதனால் சாத்தப்பட்ட கதவு ஒன்றும் இல்லை. முழக்கோலால் துணியை அளக்கிறோம். துணியும் சுருங்கிக் கோலும் சுருங்கினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அளவுகோலைச் சார்ந்த எந்த எண்ணைப் பற்றியும் “மாறியதா?” என்று தனியே கேட்பதில் பொருளில்லை. மீட்டரோ முழமோ, நொடியோ நாழிகையோ, எதனால் அளந்தாலும் ஒரே விடை தரும் தனி எண் வேண்டும்.

அப்படிப்பட்ட எண்கள் உண்டு. புரோட்டானின் எடை எலெக்ட்ரானின் எடையைப்போல் 1,836.15 மடங்கு, இதிலே கிராமும் இல்லை, பவுண்டும் இல்லை. இன்னொன்று, நுண்வரி மாறிலி. ஆல்பா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். எலெக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்கின் மாறிலி, ஒளியின் வேகம் எல்லாம் சேர்ந்து, அலகுகள் எல்லாம் வெட்டுண்டு போய், எஞ்சி நிற்கும் எண் அது, ஏறத்தாழ 137.036இல் ஒரு பங்கு. அணுவுக்குள்ளே மின்விசையின் வலிமை என்ன என்பதை அது சொல்கிறது. அணுக்கள் விழுங்கும் ஒளியின் நிறங்கள், அந்தக் கோடுகளின் இடைவெளி, வேதியியல் முழுவதும் அதைப் பற்றி நிற்கின்றன. விசாரிக்கத் தகுந்த கைதி இவரே! எந்த மாநாடும் இவருக்கு வரையறை வகுக்கவில்லை.

ஷெல்ட்ரேக் சொன்ன பள்ளத்தைக்கூட இப்போது நேரே சோதிக்கலாம். ஒளி 20 கிலோமீட்டர் தளர்ந்து மற்றவை மாறாதிருந்தால், ஆல்பா 10 லட்சத்தில் 67 பங்கு மாறியிருக்கும். சென்ற நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அண்டை விண்மீன்களை விட்டுப் புறப்பட்ட ஒளி நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது. 160 ஒளியாண்டு எல்லைக்குள் உள்ள, நம் கதிரவனை ஒத்த 17 விண்மீன்களின் நிறமாலைகளை ஒப்பிட்டு 2022இல் மைக்கேல் மர்ஃபி குழுவினர் வெளியிட்ட முடிவு: அந்த வட்டத்துக்குள் ஆல்பாவின் வேறுபாடு 100 கோடியில் 50 பங்குக்குக் கீழே. 67,000 எங்கே, 50 எங்கே!

இனி, இந்த விசாரணையை முதலில் தொடங்கியவர் யார் என்று பாருங்கள். சாமியாரா? சபைக்கு வெளியே நின்ற கலகக்காரரா? இல்லை. 1933இல் நோபல் பரிசு பெற்ற பால் டிராக்! இயற்பியலின் மூலவிதிகளை வகுத்தவர்களுள் ஒருவர். 1937இல் அவர் எழுதினார்: எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே உள்ள மின்விசை, ஈர்ப்பு விசையைப்போல் எத்தனை மடங்கு? 1க்குப் பின் 39 பூச்சியங்கள் இட்டால் வரும் எண்ணை ஒட்டியது. அண்டத்தின் வயதை அணுவின் கால அளவால் வகுத்தால்? அதுவும் அதே அளவான பேரெண். இது தற்செயலா? இல்லையென்றால், அண்டத்துக்கு வயது ஏற ஏற, ஈர்ப்பு மாறிலி தேயவேண்டும் என்றார். நியூட்டனின் மாறிலியையே தேய்கிறதென்று சொன்னவரை யாரும் சபையிலிருந்து நீக்கவில்லை, நூலைக் கொளுத்தவில்லை. “அப்படியானால் என்ன நடந்திருக்க வேண்டும்? அது நடந்ததா?” என்று கேட்டார்கள்.

1948இல் எட்வர்டு டெல்லர் கேட்டார். முன்பு ஈர்ப்பு மிகுதி என்றால் கதிரவன் மிகப் பளிச்சென்று எரிந்திருக்கும்; பூமியும் அதற்கு அருகே சுற்றியிருக்கும்; இருபது, முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறத்தாழக் கொதித்திருக்கும். ஆனால் அக்காலத்துப் பாறைகளிலே கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடக்கின்றனவே! பிறகு அண்டத்தின் வயது அன்று எண்ணியதைவிடப் பன்மடங்கு மிகுதி, 1,380 கோடி ஆண்டு, என்று தெரிந்தபோது டெல்லரின் பிடி தளர்ந்தது. டிராக்குக்கு ஆதரவாகத் தளர்ந்த பிடியையும் மறைக்கவில்லை. 1969இல் நிலவிலே வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைத் தெறிக்கவிட்டு நிலவின் தொலைவை அளக்கத் தொடங்கினார்கள். ஈர்ப்பு தேய்ந்தால் நிலவின் பாதை அதற்கேற்ப விரியவேண்டும். டிராக்கின் கணக்குப்படி தேய்வு ஆண்டுக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கை ஒட்டி இருக்கவேண்டும். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று நிலவு சொல்லிவிட்டது.

1967இல் ஜார்ஜ் காமாவ் டிராக்கின் கருத்தைக் காப்பாற்ற, தேய்வது ஈர்ப்பன்று, வளர்வது மின்னூட்டம் என்று திருப்பிச் சொன்னார். அதே ஆண்டிலே பாக்காலும் ஷ்மிட்டும், 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட விண்மீன் கூட்ட ஒளியிலே ஆக்சிஜன் கோடுகளின் இடைவெளியை அளந்து, ஆல்பா அன்றும் இன்றும் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் ஒன்றே என்று காட்டினர். காமாவின் கருத்து ஓராண்டு வாழவில்லை.

இந்த விசாரணையின் மிகச் சுவையான சாட்சி ஆப்பிரிக்க மண்ணுக்குள் கிடந்தது. 1972. பிரான்சின் பியர்லாட் தொழிற்சாலை. வழக்கமான சோதனை. யுரேனியத்திலே 235 என்ற வகை, எந்தச் சுரங்கத்துத் தாதுவானாலும் நூற்றுக்கு 0.7202 இருக்கும். ஒரு மாதிரியில் 0.7171 இருந்தது. என்ன குறைந்துவிட்டது என்று நாம் கேட்போம். அணுகுண்டுக்கு உதவும் பொருளைக் காப்பவன் அப்படிக் கேட்க முடியாது. தடம் பிடித்துப் போனார்கள். காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்துச் சுரங்கத்தில் போய் நின்றது. யாரும் திருடவில்லை. அது முன்பே எரிந்துபோயிருந்தது! சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், 235 வகை நூற்றுக்கு மூன்று பங்கு இருந்த காலத்திலே, தாதுவுக்குள் கசிந்த நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க, மனிதன் கையே படாமல் அணு உலை ஒன்று தானே மூண்டு, இலட்சக்கணக்கான ஆண்டுகள் கனன்று அணைந்திருக்கிறது. இப்படி ஒன்று நிகழக் கூடும் என்று 1956இலேயே குரோடா என்பார் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்.

இந்தச் சாம்பலுக்கும் ஆல்பாவுக்கும் என்ன உறவு? 1976இல் சோவியத் நாட்டு இயற்பியலார் ஷ்லியாக்டர் அந்த உறவைக் கண்டார். சமாரியம்-149 என்ற அணுக்கரு, மெதுவாகச் செல்லும் நியூட்ரானைக் கண்டால் ஆவலோடு விழுங்கும். ஏன் அந்த ஆவல்? அணுக்கருவைக் கட்டும் வலுவிசையும் அதைப் பிளக்க முயலும் மின்விசையும் பெரும் தொகைகள். அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எஞ்சும் மிகச் சிறிய மிச்சத்தால், நியூட்ரானின் ஆற்றல் சரியாக ஓரிடத்தில் பொருந்துகிறது. பூட்டுக்குச் சாவி போல. ஆல்பா ஒரு நூலிழை மாறியிருந்தாலும் சாவித் துவாரம் நகர்ந்திருக்கும். சமாரியம் பசியோடு நின்றிருக்கும். ஓக்லோச் சாம்பலைச் சோதித்தால், சமாரியம்-149 ஏறத்தாழத் தீர்ந்துபோயிருக்கிறது. அன்றும் சாவி பொருந்தியிருக்கிறது! 1996இல் தமூர், டைசன் இருவரும் கணக்கை மறுபடி நுணுகிப் பார்த்தனர்: ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளில் ஆல்பா மாறியிருந்தாலும், கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு மேல் மாறவில்லை.

சாட்சி சொல்ல ஆளில்லாத காலத்துக்குப் பாறை சாட்சி சொல்கிறது. அந்தப் பாறைக்கு எந்தக் கட்சியின் மீதும் சார்பில்லை.

ஆனால் கதை இத்தோடு முடிந்திருந்தால் எதிராளி சொல்வான்: “நீங்கள் எதிர்பார்த்த விடைதான் எப்போதும் வருகிறது!” அதனால்தான் அடுத்த பகுதியை நம் தோழர்கள் நன்கு அறியவேண்டும். எதிர்பாராத விடையும் வந்தது.

1999இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் வெப் குழுவினர், ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியால் குவாசர்களைப் பார்த்தனர். குவாசரின் ஒளி வரும் வழியிலே வாயு மேகங்கள். அவற்றிலுள்ள மக்னீசியமும் இரும்பும் தமக்குரிய நிறங்களை விழுங்கிக் கருங்கோடுகள் இடும். ஆல்பா மாறினால் கனமான அணுவின் கோடு அதிகம் நகரும். இலேசான அணுவின் கோடு அவ்வளவாக நகராது. இரண்டையும் ஒப்பிட்டால் ஆல்பா தெரியும். 143 மேகங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தத் தொல்பழங்காலத்தில் ஆல்பா இன்றைவிட 10 லட்சத்தில் 5.7 பங்கு குறைவு என்று வந்தது. பிழை எல்லை 1.1 பங்குதான். மாறிலி மாறியது! மூடி மறைத்தார்களா? முதல் தரமான ஆய்விதழ்களிலே அச்சிட்டார்கள். நாளேடுகள் உலகெங்கும் முழங்கின.

“பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானம் சரிந்தது” என்று துள்ளியவர்களும் உண்டு. துள்ளியவர்கள் எண்ணைப் படிக்கவில்லை. அது முழுக்க மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், 10 லட்சத்தில் 6 பங்கைக் கொண்டு, 454 கோடி ஆண்டு வயதான பூமியைச் சில ஆயிரம் ஆண்டுக் குழந்தை ஆக்கிவிட முடியாது.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? மறுபடியும் அளந்தார்கள். 2004இல் புனேயின் வானியல் மையத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்தும், பாரிசின் பெத்திஜானும், துணைவர்களும் சிலி நாட்டின் பரானல் தொலைநோக்கியால் 23 மேகங்களைப் பார்த்து, மாற்றம் இல்லை என்றனர். வெப்பும் மர்ஃபியும் விடவில்லை. உங்கள் கணக்கு முறையிலே குறை இருக்கிறது, நீங்கள் சொல்லும் பிழை எல்லை அவ்வளவு சிறியதாக இருக்க முடியாது என்று அச்சிலே அடித்துப் பேசினர். 2011இல் வெப் குழு சிலியின் பதிவுகளையும் சேர்த்து, வானின் ஒரு திசையிலே ஆல்பா கூடுதல், எதிர்த் திசையிலே குறைவு என்றது. மாறுவது காலத்தாலா, இடத்தாலா என்று வழக்கு இன்னும் சிக்கலாயிற்று.

பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். மைக்கேல் மர்ஃபி, வெப்பின் கூட்டாளி. மாற்றம் உண்டு என்று கூறிய கட்டுரைகளிலே பெயர் உள்ளவர். அவரும் ஜோனதன் விட்மோரும் கருவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். சிறுகோள்களிலிருந்து தெறித்து வரும் கதிரவன் ஒளியையும், கதிரவனை ஒத்த விண்மீன்களின் ஒளியையும் அதே நிறமாலைக் கருவிகளில் செலுத்திப் பார்த்தனர். அலைநீள அளவுகோலே நீளவாக்கில் கோணிக்கிடந்தது! முழக்கோலிலே கோணல். 2015இல் வெளியிட்டனர்: சிலிப் பதிவுகளில் கண்ட மாற்றத்தை இந்தக் கோணலே விளக்கிவிடும், கெக் பதிவுகளிலும் ஒரு பகுதியை விளக்கும். தன் புகழுக்குக் காரணமான முடிவைத் தன் கையாலேயே தளர்த்துகிறான் ஒருவன்! எந்த மடத்திலே, எந்தப் பீடத்திலே இதைக் கண்டோம்? இவர்களையா மூடக் கோட்பாட்டின் அடிமைகள் என்பது?

கோணல் தெரிந்தால் கோணாத கருவி செய்யவேண்டும். செய்தார்கள். பரானலிலே 2018 முதல் பணிபுரியும் எஸ்பிரெசோ என்ற நிறமாலைக் கருவியின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்றே, மாறிலிகள் மாறுகின்றனவா என்று பார்ப்பது. ஐரோப்பிய மக்களின் வரிப்பணம் ஐயத்துக்குச் செலவாகிறது. ஐயப்படுவதற்கு மானியம் தரும் மதம் எங்கேனும் உண்டா? 2022இல் மர்ஃபி குழு அதைக் கொண்டு, பளிச்சென்ற குவாசர் ஒன்றின் வழியிலே, 800 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மேகத்தை அளந்தது. விடை: 10 லட்சத்தில் 1.3 பங்கு, பிழை எல்லையும் 1.3 பங்கு. அதாவது, இந்த அளவுக்கு மாற்றம் தென்படவில்லை.

புரோட்டான் எடைக்கும் இதே வரலாறு. 2006இல் ஆம்ஸ்டர்டாம் குழுவினர் மாறியதற்கு அறிகுறி உண்டு என்றனர். 2013இல் அதே ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர், ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க் வானொலித் தொலைநோக்கியில் 700 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மெத்தனால் வாயுவின் கோடுகளை அளந்து, கோடியில் ஒரு பங்குக்குள் மாற்றம் காணவில்லை என்றனர்.

மாறவே மாறாது என்று இவற்றால் நிறுவப்பட்டதா? இல்லை. இவ்வளவு காலத்தில், இவ்வளவு தொலைவில், இந்த எல்லைக்கு மேல் மாறவில்லை என்று நிறுவப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மேடைகள் விழுங்கிவிடக் கூடாது. எல்லைக்குக் கீழே மாறிக்கொண்டிருக்கலாம். அதற்கு இடம்தரும் கொள்கைகளும் உண்டு. ஷெல்ட்ரேக்கின் கேள்வி நல்ல கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மைக்குப் புறம்பு.

எசனிடம் மீள்வோம். ஒளியின் வேகத்தைத் திருத்திய அவரே, 1955இல் ஜாக் பாரியோடு சேர்ந்து அதே டெடிங்டனில் முதல் சீசியம் அணுக்கடிகாரத்தை இயக்கினார். ஆல்பாவைப் பிடிக்க அந்தக் கடிகாரத்தின் சந்ததியே இன்று சிறந்த பொறி. ஆல்பா மாறினால் இருவேறு அணுத் துடிப்புகள் இருவேறு அளவில் மாறும். இரண்டையும் பக்கத்திலே வைத்து ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டால் போதும், வானத்துக்கே போகவேண்டாம். 2008இல் அமெரிக்காவின் போல்டரில் அலுமினியத்தையும் பாதரசத்தையும் ஒப்பிட்டனர். 2021இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் இட்டர்பியம் அயனியின் இரண்டு துடிப்புகளை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு: ஆல்பாவின் மாற்றம், இருந்தாலும், ஆண்டுக்கு 1க்குப் பின் 18 பூச்சியங்கள் இட்ட எண்ணில் ஓரிரு பங்கு.

அதுவும் போதவில்லையாம் இவர்களுக்கு. ஓக்லோச் சமாரியத்தைப் போலவே, வலுவிசையும் மின்விசையும் ஒன்றையொன்று வெட்டி மிகச் சிறிய மிச்சம் வைத்திருக்கும் அணுக்கரு இன்னொன்று உண்டு: தோரியம்-229. அந்த மிச்சம் 8.4 எலெக்ட்ரான் வோல்ட். லேசர் ஒளியே தொட்டு எழுப்பக் கூடிய அளவு. 2024 ஏப்ரலில் பிரவுன்ஷ்வைக்காரரும் வியன்னாக்காரரும் அதை லேசரால் எழுப்பியதாக அறிவித்தனர். செப்டம்பரில் போல்டர் ஆய்வாளர் அதன் துடிப்பை ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு நேரே ஒப்பிட்டு வெளியிட்டனர். ஆல்பாவின் மாற்றத்துக்கு இந்த அணுக்கரு இன்றைய கடிகாரங்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எளிதில் அசையும் என்பது கணக்கு. முதல் ஒப்பீட்டின் எண் அச்சில் வந்துவிட்டது. இனி ஆண்டுதோறும் அதே எண்ணை மறுபடி மறுபடி எடுத்து அதன் பக்கத்தில் எழுதவேண்டும்.